மிஸ்ஸுக்குப் பின் ஒரு கமா

தாம்பரம் மார்க்கெட்டில் மாலை நேரத்தில் எவனாவது ஒரு பையன் “மிஸ்!” என்று கத்தினால் ஏழெட்டுத் தலைகள் திரும்பும். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த தலை, மல்லிகைக்குப் பேரம் பேசிய தலை, செருப்புக் கடை வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்ற தலை, எல்லாம். ஞானஜோதி மிஸ் மட்டும் திரும்பமாட்டார். கையிலிருக்கும் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து முடிப்பார். கூடையில் போடுவார். அதற்குப் பிறகுதான், “எந்த மிஸ்ஸுன்னு சொல்லிக் கூப்பிடணும். பேர் எதுக்கு வச்சிருக்காங்க?” என்பார். அதற்குள் பையன் போயிருப்பான்.

பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறார். பீர்க்கன்கரணையில் எங்கள் எதிர் வீடு. அந்தப் பள்ளியில் மிஸ்களுக்குப் பஞ்சமில்லை. கணக்கு மிஸ், தமிழ் மிஸ், நீளப் பின்னல் மிஸ், பேரன் எடுத்த மிஸ்கூட உண்டு. எங்கள் ஊரில் மிஸ் என்றால் டீச்சர். கழுத்தில் தாலி இருக்கிறதா இல்லையா என்பது அந்தச் சொல்லுக்குத் தெரியாது. எல்.கே.ஜி. பிள்ளைகள் மீசை வைத்த பி.டி. மாஸ்டரையே “மிஸ், பாத்ரூம்” என்று கூப்பிடுகின்றன. அவரும் பழகிவிட்டார். என் மனைவி ஷீலா அங்கே கணக்கு மிஸ். எங்கள் மகன் சின்ன வயதில் வீட்டிலும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டான். இன்னொரு தோசை வேண்டுமென்றால் கையைத் தூக்குவான். இத்தனை மிஸ்களில் அகராதிப்படியும் மிஸ்ஸாக இருப்பவர் ஞானஜோதி மிஸ் ஒருவர்தான்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் வழக்கமான கேள்வியைக் கேட்பார்கள். “உங்களுக்கு ஏன் மிஸ் கல்யாணம் ஆகல?” மிஸ் கோபப்படமாட்டார். “ஆகலன்னு சொல்லாதீங்க, அது பாசிவ் வாய்ஸ் மாதிரி இருக்கு. பண்ணிக்கலன்னு சொல்லுங்க. ஆக்டிவ் வாய்ஸ்.” கேட்டவர் அதற்குமேல் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அப்பா படுத்த படுக்கையானது, இரண்டு தங்கைகளுக்கும் இவரே முன்னின்று கல்யாணம் செய்துவைத்தது, அதற்குள் தலை நரைத்தது எல்லாம் தெருவுக்குத் தெரியும். அவற்றை அவர் எந்த வாய்ஸிலும் சொல்வதில்லை.

ஒல்லி உருவம். மடிப்புக் கலையாத காட்டன் புடவை. கைக்கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார்; மணி என்ன என்பது தனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பதுபோல. தோளில் நீலத் துணிப்பை. அதன் வெளி அறையில் சிவப்பு மைப் பேனா. அந்தப் பேனா விடைத்தாளோடு நிற்பதில்லை. கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தால் வாழ்த்திவிட்டு, “ரிசீவ் ஸ்பெல்லிங் தப்பா இருக்கு” என்று திருத்தியும் கொடுப்பார். ஆனால் எழுத்துப் பிழையைவிட அவருக்குத் தாங்க முடியாதது கமா இல்லாத வாக்கியம். “கமான்னா மூச்சு. மூச்சு விடாம பேசினா யாருக்குப் புரியும்?”

ஏரிப் பக்கம் தெருமுனையில் குப்பனின் தண்ணீர் கேன் கடை. லோடு வராத நாளில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவார்: ‘நோ வாட்டர் கம் டுமாரோ’. இன்று தண்ணீர் இல்லை, நாளை வாருங்கள் என்று சொல்ல நினைத்து எழுதியது. மிஸ் ஒருநாள் நின்று படித்தார். “நடுவுல கமா இல்லன்னா நாளைக்கும் தண்ணி வராதுன்னு அர்த்தம் ஆகுது” என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் வாட்டருக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டார். குப்பன் அட்டையைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். “கமா போட்டா மட்டும் லாரி வந்துடுமா மிஸ்ஸு?” மறுநாளும் லாரி வரவில்லை. கமா இல்லாமல் இருந்ததுதான் கரெக்ட் என்று குப்பன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அவர்கள் சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. மிஸ் அதில் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல். போவது மாரியின் ஆட்டோவில். மாரிக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு தப்பித்தல். இரும்புலியூர்ப் பக்கம் தண்ணி லாரி ஒன்று உரசிக்கொண்டு போனால், “ஜஸ்ட் மிஸ்ஸு!” என்று கத்துவார். முதல் தடவை, மாரி தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று மிஸ் நினைத்து, “என்ன மாரி?” என்றாராம். விஷயம் புரிந்ததும், “அது ஜஸ்ட் மிஸ் இல்ல மாரி. நியர் மிஸ்” என்று திருத்தினார். மாரி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, “இன்னா மிஸ்ஸு, நியர்னாலும் கிட்டதான், ஜஸ்ட்னாலும் கிட்டதான். லாரிக்காரனுக்கு இங்கிலீஸா தெரியும்? நாம பொயச்சிகினோமே, அத்தப் பாருங்க” என்றார். மிஸ் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், மெதுவாக, “நியர் மிஸ்” என்று சொல்லிவிடுவார்.

அந்த ஆட்டோவில் இன்னொருவரும் வருவார். பெருங்களத்தூரில் ஏறும் ஏசுபாதம். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவில் பேஸ், ஆண்களில் அடிக்குரல். குரல் கனம், ஆள் சாது. மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஜோவிதா பெங்களூரில். மிஸ்ஸைவிட மூன்று நான்கு வயது பெரியவராக இருந்தும் அவரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார். “எம் பொண்ணுக்கு கிளாஸ் எடுத்தவங்க. வேற எப்படிக் கூப்பிடறது?” ஆட்டோவின் பின் சீட்டில் அவர் ஒரு ஓரம், மிஸ் ஒரு ஓரம். நடுவில் பாட்டுப் புத்தகங்களோடு அந்த நீலத் துணிப்பை. வளைவில் அது சாய்ந்தால் மிஸ் நிமிர்த்தி வைப்பார்.

ஆட்டோ ஏறியதும் ஏசுபாதம் மிஸ்ஸுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு ரிங், கட். கிளம்பிவிட்டோம், கேட்டுக்கு வாருங்கள் என்று அர்த்தம். இப்போது எல்லா பிளானிலும் பேச்சு இலவசம். பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தும் அவர்களுக்குள் மிஸ்டு கால்தான். மிஸ்ஸுக்கு அந்த வார்த்தையிலும் ஒரு வழக்கு இருந்தது. “மிஸ்டு கால் குடுக்க முடியாது, சார். மிஸ் பண்றது எடுக்காதவங்க. குடுக்கறவர் எப்படிக் குடுப்பார்?” ஏசுபாதம் யோசித்துச் சொன்னார்: “அப்ப நான் சும்மா ரிங் விடறேன் மிஸ். மிஸ்டு கால் நீங்கதான் குடுக்கறீங்க.” மிஸ் இதை எங்களிடம் வந்து சொல்லி, “லாஜிக் சரியாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டார். சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. ஷீலா அதைக் கவனித்தாள். நான் கவனிக்கவில்லை, ஷீலா சொல்லித்தான் தெரியும்.

ஏசுபாதத்தின் குறை, அவர் வாட்ஸப்பில் இங்கிலீஷில் எழுதுவது. ஆயுசு முழுக்க ரயிலை நிறுத்தவும் விடவும் விளக்குப் போட்டவர், வாக்கியத்தில் மட்டும் எங்கேயும் நிற்கமாட்டார். கமா கிடையாது. முற்றுப்புள்ளி கிடையாது. கேள்விக்குறியை அவர் போனிலிருந்து யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ‘மிஸ் யூ கமிங் சாட்டர்டே’ என்று ஒரு மெசேஜ் வரும். மிஸ், சனிக்கிழமை வருகிறீர்களா என்று கேட்கிறார் மனுஷன். கமா இல்லாததால் முதல் இரண்டு வார்த்தையைப் படித்ததும் விஷயம் எங்கேயோ போய்விடுகிறது. ‘மிஸ் யூ ஹேவ் ஆல்டோ காப்பி’ என்று இன்னொன்று. பாட்டின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று அர்த்தம். மிஸ் அந்த வரியையே, மிஸ்ஸுக்குப் பின் ஒரு கமாவும் கடைசியில் கேள்விக்குறியும் போட்டுத் திருப்பி அனுப்புவார். அதற்குப் பிறகுதான் பதில். ஏசுபாதம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அடுத்த வாரம் மறுபடியும் ‘மிஸ் யூ’ என்று ஆரம்பிப்பார். படித்த மாணவர்களே திருந்தாத ஊரில் படிக்காத மாணவரைச் சொல்லிக் குற்றமில்லை.

போன மாதம் ஜோவிதா அப்பாவைப் பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னாள். தனியாக ஏன் இருக்க வேண்டும், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றாள். நியாயமான பேச்சு. ஏசுபாதம் பயிற்சி முடிந்ததும் எல்லோரிடமும் சொன்னார்: “பத்து பதினஞ்சு நாள் இருந்து பாக்கப் போறேன். ஒத்துப்போனா அங்கயே இருந்துடுவேன். சாமான் ஏத்தறதுக்கு ஜோவிதாவே வந்துடுவா.” சொல்லிவிட்டு அவர் பார்த்தது ஆல்டோ வரிசையை. ஆல்டோ வரிசை பாட்டுப் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தது. “பேஸ்ல ஒரு குரல் குறையும்” என்றார் மிஸ். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை மாரியின் ஆட்டோவில் அவர் தனியாகப் போனார். பையை அப்போதும் சீட்டின் நடுவில்தான் வைத்திருந்தார் என்று மாரி சொன்னார். “அந்தாண்ட ஆளு இல்ல, இருந்தாலும் பை நடுவுலயே கீது. பேஜாரா பூட்ச்சு சார்.”

இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை, மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் பார்த்த தெர்மாமீட்டரைக் கொண்டுவருவதுபோல் போனைக் கிடையாகப் பிடித்திருந்தார்.

“சார், நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதறவர். இது சென்டன்ஸா, சொல்லுங்க.”

வாங்கிப் பார்த்தேன். ஏசுபாதம் அனுப்பியது. இரண்டே வார்த்தை. ‘மிஸ் யூ’.

“செவ்வாக்கெழம வந்துச்சு” என்றார் மிஸ். “எப்பவும் இப்படித்தான் ஆரம்பிப்பார். ‘மிஸ் யூ கேன் கலெக்ட்’, ‘மிஸ் யூ ப்ளீஸ் டெல்’னு ஏதாவது வரும். மீதி வரும்னு ரெண்டு நாளாப் பாக்கறேன். வரல.”

ஷீலா எட்டிப் பார்த்தாள். “இதுல என்ன மிஸ் டவுட்டு? மீதின்னு ஒண்ணும் இல்ல. இதான் முழுசு.”

“சப்ஜெக்ட் இல்லையே ஷீலா. ‘ஐ’ எங்க? யாரு மிஸ் பண்றாங்கன்னு எப்படித் தெரியும்?”

“சப்ஜெக்ட் பெங்களூர்ல இருக்காரு மிஸ்.”

மிஸ் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், ஷீலா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

சிக்கல் என்னவென்றால், மிஸ் பதில் அனுப்பியாக வேண்டும். படித்துவிட்டார் என்பதற்கு நீல டிக் விழுந்துவிட்டது. அது ஏசுபாதத்துக்கும் தெரியும். வழக்கம்போல் கமா போட்டுத் திருப்பி அனுப்பினால் அது வெறும் கூப்பிடுதல். ‘மிஸ், நீங்கள்’ என்று ஆரம்பித்து அறுந்த வாக்கியம். ஏசுபாதம் பெங்களூரிலேயே இருந்துகொள்ளலாம். கமா போடாமல் விட்டால் மிஸ் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தைத் திருத்தாமல் விட்டவர் ஆவார். அதற்கு என்ன அர்த்தம் என்று அனுப்பியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். ஒரு கமாவுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

“தமிழ்ல இதுக்கு என்ன சார் வார்த்தை?” என்று கேட்டார் மிஸ்.

மாட்டிக்கொண்டேன். தமிழில் எழுதிப் பிழைக்கிறவன். தவறவிடுகிறேன் என்று சொல்லலாம்; அது பஸ்ஸுக்குத்தான் பொருந்தும். நீங்கள் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லலாம். அது வீட்டைப் பற்றியது, ஆளைப் பற்றியது இல்லை. பிரிந்து வாடுகிறேன் என்றால் ஏசுபாதத்தின் வயதுக்கு ஒத்துவராது. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, மிஸ் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஃபெயில் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே சொன்னார். “எங்கம்மா தெக்கத்திப் பக்கம், நாசரேத்துக்காரங்க. நான் வேலை கெடச்சு இங்க வந்த புதுசுல, லீவுக்கு ஊருக்குப் போனா கதவத் தொறந்த உடனே சொல்லுவாங்க. ‘ஒன்னய ரொம்பத் தேடிச்சு’ன்னு. தேடினேன்னு சொல்லமாட்டாங்க. தேடிச்சு.” கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். “அதுலயும் சப்ஜெக்ட் இல்ல.”

ஷீலா உள்ளே போய்க் காபி கலக்க ஆரம்பித்தாள். எனக்கு மிஸ்ஸைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஏசுபாதத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. ‘ஐ’ என்பது இங்கிலீஷில் ஒரே ஒரு எழுத்து. அதைச் சேர்த்துப் போட்டிருந்தால் மனுஷனுக்கு என்ன குறைந்துபோகும்? காபியைக் குடித்துவிட்டு மிஸ் எழுந்தார். என்ன பதில் அனுப்பப்போகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. “சனிக்கிழம மிஸ்டு கால் வந்தா வந்துட்டார்னு அர்த்தம்” என்றார், கேட்டைத் திறந்துகொண்டே. “வரலன்னா ஒத்துப்போச்சுன்னு அர்த்தம்.” வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் பதில் ஏதும் அனுப்பவில்லை என்று ஷீலா பள்ளியிலிருந்து வந்து சொன்னாள். ஸ்டாஃப் ரூமில் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாராம்.

சனிக்கிழமை. வழக்கமாக மிஸ்டு கால் வந்த பிறகுதான் மிஸ் வீட்டைப் பூட்டுவார். அன்று முன்னதாகவே பூட்டிவிட்டுக் கேட்டுக்கு வந்து நின்றுவிட்டார். தோளில் பை, கையில் போன். எதிரே எங்கள் காம்பவுண்டுக்குள் ஷீலா குரோட்டன்ஸ் தொட்டிக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் காலைப் பேப்பரை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வேடிக்கை பார்க்கவில்லை என்பதை மிஸ் நம்ப வேண்டும் என்று இருவருமே மிகவும் பாடுபட்டோம். மழை வரும்போல் இருந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து காற்று. தெருவில் இரண்டு ஆட்டோக்கள் வந்தன. இரண்டும் மாரியுடையது இல்லை. மிஸ் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தார். ஷீலா என் பக்கம் திரும்பாமலே, “வரமாட்டார் போல” என்று முணுமுணுத்தாள்.

போன் அடித்தது.

ஒரு ரிங். இன்னொரு ரிங் அடித்து நின்றுவிடும், அதுதான் ஒப்பந்தம். இரண்டாவது ரிங் பாதியில் இருக்கும்போது மிஸ் போனை எடுத்துவிட்டார்.

மிஸ்ஸின் போன் பழையது. ஸ்பீக்கர் போடாமலேயே பாதித் தெருவுக்குக் கேட்கும். முதலில் ஆட்டோவின் இரைச்சல். பிறகு பேஸ் குரல், பதறிப்போய்: “ஐயோ மிஸ்! கை பட்டுடுச்சா?”

“இல்ல. எடுத்தேன்.”

இத்தனை வருடத்தில் அந்த மிஸ்டு காலை யாரும் எடுத்ததில்லை. எடுத்தால் என்ன பேசுவது என்று ஏசுபாதம் யோசித்தே வைத்திருக்கவில்லை. மாரியின் குரல்தான் கேட்டது. “இன்னா சார், மிஸ்ஸு எட்த்துட்டாங்களா? அப்ப மிஸ்டு காலு மிஸ்ஸாயிட்ச்சு!”

“மிஸ்” என்றார் ஏசுபாதம். “அந்தச் செவ்வாக்கெழம மெசேஜ். அதுல கமா போடல. இப்ப வேணா... போட்டு அனுப்பட்டுமா?”

மிஸ் ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்” என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கி, “அது கரெக்டாத்தான் இருக்கு.”

குரோட்டன்ஸ் தொட்டி நிரம்பி வழிந்து என் செருப்பை நனைத்தது. ஷீலாவும் நகரவில்லை, நானும் நகரவில்லை.

மாரியின் ஆட்டோ தெருமுனை திரும்பி வந்து கேட்டின் முன் நின்றது. உள்ளே ஏசுபாதம், போனை இன்னும் காதில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் ஓரமாக ஒதுங்கினார். பைக்கு இடம் விட்டு. மிஸ் ஏறுவதற்கு ஒரு காலை வைத்தார். நின்றார். தோளிலிருந்து நீலப் பையைக் கழற்றி, பாட்டுப் புத்தகமும் சிவப்புப் பேனாவும் எல்லாமுமாக, முன்பக்கம் நீட்டினார்.

“மாரி, இத உங்ககிட்ட வச்சுக்கங்க.”